லிங்க் மட்டும்தானே போட்டேன்?

கேள்வி: வணக்கம் ஐயா. புதுப்பேட்டையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறேன். மகனுக்கு 19 வயது, பி.காம் இரண்டாம் ஆண்டு. அவன் டெலிகிராமில் ஒரு சேனல் நடத்துவதே எனக்குப் போன மாதம்தான் தெரியும். மேட்ச் நாளில் எங்கிருந்தோ வரும் லிங்கை எடுத்து அதில் போடுவானாம். இன்ஸ்டாகிராமில் ஒரு துண்டு வீடியோ போட்டு, முழு மேட்ச் பார்க்க இங்கே வாருங்கள் என்று ஆள் சேர்ப்பானாம். 41 ஆயிரம் பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஐபிஎல் நடந்தபோது ஒரு பெட்டிங் ஆப் விளம்பரத்தை லிங்கோடு சேர்த்துப் போட்டதற்கு 38 ஆயிரம் ரூபாய் வந்திருக்கிறது. அதுவும் அவன் அம்மாவின் வங்கிக் கணக்குக்கு.

இப்போது காப்பிரைட் புகார் என்று சேனலை முடக்கிவிட்டார்கள். ஒளிபரப்பு உரிமை வைத்திருக்கும் கம்பெனியின் சார்பில் ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. இவனிடம் பேக்கப் சேனல் ஒன்று இருக்கிறது. அதை 60 ஆயிரத்துக்குக் கேட்டு ஒருவர் பேசுகிறார். 'நான் என்ன மேட்சைத் திருடினேனா, லிங்க் மட்டும்தானே போட்டேன், ஊரே பார்க்குது' என்கிறான் மகன். நேற்று வேப்பேரியிலிருந்து சைபர் கிரைம் அதிகாரி பேசுகிறேன் என்று ஒருவர் வாட்ஸ்அப்பில் வீடியோ கால் செய்து, 25 ஆயிரம் அனுப்பினால் எஃப்ஐஆர் இல்லாமல் முடித்துவிடலாம் என்றார். அனுப்பலாமா?

இன்னொன்று, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. என் அம்மாவுக்கு 76 வயது. பேரன் போனில் போட்டுக்கொடுத்த ஆப்பில்தான் சிஎஸ்கே ஆட்டமெல்லாம் பார்த்தார். அவர் மேலும் கேஸ் வருமா?

— பெயர் வெளியிட விரும்பாத தந்தை, சென்னை

பதில்: அனுப்பாதீர்கள். மற்ற கேள்விகளுக்கு ஒரு வாரம் அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன்.

வேப்பேரியில் ஆணையர் அலுவலகம் இருப்பது உண்மைதான். ஆனால் அங்கிருந்து யாரும் வீடியோ கால் செய்து எஃப்ஐஆருக்கு விலை பேச மாட்டார்கள். போலீஸ் விசாரிக்க வேண்டுமென்றால் எழுத்தில் நோட்டீஸ் வரும். அதில் காவல் நிலையம், பிரிவு, ஆஜராக வேண்டிய நாள் எல்லாம் இருக்கும். வீடியோ காலிலேயே கைது செய்துவிட்டோம் என்று மிரட்டும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்றும் நம் நாட்டுச் சட்டம் எதிலும் கிடையாது. அப்படியானால் அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். பெட்டிங் விளம்பரம் பிடித்துக் கொடுக்கும் தரகர்களிடம் தம்பி தன் நம்பரையும் அம்மாவின் யூபிஐ விவரத்தையும் கொடுத்திருப்பான். அந்தப் பட்டியல்கள் கைமாறும். சேனல் முடங்கியதும் பயந்துபோயிருக்கும் அட்மின்களைத் தேடிப் பிடித்து மிரட்டுவது இப்போது ஒரு தனித் தொழில். அந்த எண்ணையும் பேசிய நேரத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் புகார் சொல்லுங்கள். 'நம்ம மேலயே தப்பு இருக்கும்போது நாம எப்படிப் புகார் கொடுப்பது' என்ற தயக்கம் வேண்டாம். அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அவர்கள் பிழைக்கிறார்கள்.

அடுத்தது பேக்கப் சேனல். 60 ஆயிரம் என்றதும் கொஞ்சம் சபலம் தட்டியிருக்கும். உங்கள் வரிகளிலேயே அது தெரிகிறது, தப்பாக நினைக்காதீர்கள். ஆனால் நீங்கள் புதுப்பேட்டைக்காரர். ஆர்சி புத்தகத்தில் பெயரை மாற்றாமல் வண்டியை விற்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இதுவும் அதேதான். அந்தச் சேனலைத் திறந்தது தம்பியின் எண். வாங்குகிறவர் அடுத்த சீசனில் அதில் என்ன போட்டாலும் விசாரணை முதலில் வந்து நிற்பது உங்கள் வீட்டு வாசலில். 60 ஆயிரத்துக்கு அதை வாங்குகிறவருக்கு கிரிக்கெட் மேல் அவ்வளவு பாசம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வாங்குவது சூதாட்ட ஆப்புக்கு ஆள் பிடிக்கத் தயாராக இருக்கும் ஒரு கூட்டத்தை.

'டெலிகிராமில் யார் அட்மின் என்று யாருக்கும் தெரியாது' என்று தம்பி சொல்லியிருப்பான். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் நம்புகிறார்கள். 2022-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் ஆணை போட்டது. பயிற்சி வகுப்பு நடத்தும் ஓர் ஆசிரியையின் பாடங்களைச் சிலர் டெலிகிராம் சேனல்களில் போட்டு விற்றார்கள். அட்மின்களின் விவரத்தைத் தர முடியாது, எங்கள் சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது என்றெல்லாம் டெலிகிராம் வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. கடைசியில் அட்மின்களின் பெயர், தொலைபேசி எண், எந்த இணைய இணைப்பு என்று காட்டும் ஐபி முகவரி எல்லாவற்றையும் மூடிய உறையில் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் அந்த நிறுவனத்தின் தலைவர் பாவெல் துரோவ் பிரான்சில் கைதான பிறகு, முறையான சட்டக் கோரிக்கை வந்தால் எண்ணையும் ஐபி முகவரியையும் தருவோம் என்று தங்கள் விதியையே மாற்றி எழுதிவிட்டார்கள். முகமூடி கழன்று நாளாகிவிட்டது.

சரி, சேனலை விற்கக் கூடாது. அப்படியானால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு போனையும் மாற்றிவிடலாமா? கூடாது. லிங்குகளையும் விளம்பரப் பதிவுகளையும் பொதுப் பார்வையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் எடுக்கும் முன் ஒவ்வொன்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரம் கொடுத்தவரோடு நடந்த உரையாடல், பணம் வந்த தேதிகள், அந்த ஆங்கில மின்னஞ்சல், எதையும் தொடாதீர்கள். நோட்டீஸ் வந்த பிறகு போனை முழுக்க அழித்தால், சாட்சியத்தை மறைத்தார் என்று தனியாக ஒரு குற்றச்சாட்டு சேரும். அதோடு, இவன் யார் சொல்லி என்ன செய்தான் என்பதைக் காட்ட நம்மிடம் இருக்கும் ஒரே ஆவணமும் அந்த உரையாடல்தான்.

இப்போது தம்பியின் வாதத்துக்கு வருகிறேன். 'லிங்க் மட்டும்தானே' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மைதானத்தில் நடக்கும் ஆட்டத்துக்கு யாரும் காப்பிரைட் கொண்டாட முடியாது. சேப்பாக்கத்தில் ஜடேஜா பந்து போட்டார், ஸ்கோர் இவ்வளவு என்பது வெறும் தகவல். டீக்கடையில் சொல்லலாம், சேனலிலும் எழுதலாம். உரிமை இருப்பது அந்த ஆட்டத்தைக் காட்டும் ஒளிபரப்புக்கு. கேமரா கோணங்கள், ரீப்ளே, திரையில் ஓடும் எண்கள், வர்ணனை எல்லாம் அதில் அடக்கம். 1957-ஆம் வருடத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு இதைத் தனி உரிமையாகவே வைத்து, 25 ஆண்டுக் காலம் பாதுகாப்பு தருகிறது. தம்பி ஸ்கோர் மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

இனி மற்றப் பாதி. திருட்டு ஸ்ட்ரீம் எப்படி உருவாகிறது என்று தம்பியிடமே கேளுங்கள், அவனுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். யாரோ ஒருவர் ஒழுங்காகச் சந்தா கட்டிய செட்டாப் பாக்ஸிலிருந்தோ ஆப்பிலிருந்தோ படத்தைப் பிடித்து, அதன் பூட்டை உடைத்து, சில விநாடித் துண்டுகளாக நறுக்கி வெளிநாட்டில் எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றுகிறார். அந்த சர்வருக்கு ஒரு முகவரி கிடைக்கிறது. ஆனால் அந்த முகவரி நிலையாக இருக்காது. காலையில் இருந்தது மாலையில் முடக்கப்படும், வேறொன்று முளைக்கும். இப்படி மணிக்கு மணி மாறும் முகவரியை அண்ணா நகரில் இருக்கும் ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? முடியாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் டெலிகிராம் சேனலும் இன்ஸ்டாகிராம் துண்டு வீடியோவும் வாட்ஸ்அப் ஃபார்வர்டும். சரக்கு ஒருவரிடம் இருக்கிறது, கடை உங்கள் மகனிடம் இருக்கிறது. அவன் இல்லாவிட்டால் அந்த சர்வரில் ஓடும் மேட்சைப் பார்க்க ஆளே இல்லை.

திருட்டு வண்டியைப் பிரித்த பாகங்களை நீங்கள் விற்கவில்லை, எங்கே கிடைக்கும் என்று ஆள் அனுப்பி, அதற்குக் கமிஷன் மட்டும் வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 'நான் வழிதானே சொன்னேன்' என்று எழும்பூர் கோர்ட்டில் சொல்லிப் பார்க்கலாம், எடுபடாது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, தெரிந்தே உரிமையை மீறுகிறவரை மட்டுமல்ல, மீறுவதற்கு உடந்தையாக இருப்பவரையும் சேர்த்தே சொல்கிறது. லிங்க் போடுவது எந்த அளவுக்கு மீறல், எந்த அளவுக்கு உடந்தை என்று வக்கீல்கள் நாங்கள் மணிக்கணக்கில் வாதாடலாம். வாதாட இடமும் இருக்கிறது. விவரம் தெரியாமல் வீட்டு குரூப்பில் வந்ததை ஒருமுறை ஃபார்வர்டு செய்த ஒருவருக்காக நான் துணிந்து வாதாடுவேன். ஆனால் 41 ஆயிரம் பேர், முடங்கினால் மாறிக்கொள்ள முன்கூட்டியே தயாராக ஒரு பேக்கப் சேனல், விளம்பர வருமானம் என்று மூன்றும் சேர்ந்திருக்கும்போது 'எனக்குத் தெரியாது' என்று எப்படிச் சொல்வது? முடக்குவார்கள் என்று தெரிந்திருந்ததால்தானே பேக்கப்பே வைத்திருந்தான்!

ஒரு கேள்வியை மட்டும் அவனைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். எப்போதாவது, ஒரே ஒருமுறையாவது, நம் வீட்டு டிவியையோ தன் போன் திரையையோ பிடித்து நேரலையாக ஓட்டினானா? 'இல்லை' என்றால் இதுவரை சொன்னதுதான் நிலைமை. 'ஆமாம்' என்றால் அவன் வழி சொன்னவன் என்ற இடத்திலிருந்து சரக்கு எடுத்தவன் என்ற இடத்துக்குப் போய்விடுகிறான். ஒளிபரப்பில் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் கலந்து அனுப்பும் தொழில்நுட்பம் இருக்கிறது. திருட்டுப் படத்தை ஆராய்ந்தால் எந்தச் சந்தாதாரரின் கணக்கிலிருந்து கசிந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். வக்கீலிடம் போகும் முன் இந்தப் பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடித்துக் கேட்டால் பொய்தான் வரும். ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

இவ்வளவு பெரிய கம்பெனி ஒரு கல்லூரிப் பையனைத் துரத்துமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருக்கலாம். கணக்கைப் பாருங்கள். 2023 முதல் 2027 வரை ஐந்து ஐபிஎல் சீசன்களின் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு ஏலம் போனது. மொத்தம் 410 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 118 கோடி. சினிமாவாக இருந்தால் ஒரு மாதம் கழித்தும் ஓடிடியில் விற்கலாம். மேட்ச் அப்படியில்லை. மூன்றரை மணி நேரம் முடிந்ததும் சரக்கு செத்துவிடும், ஜெயித்தது யார் என்று தெரிந்தபின் யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? அதனால்தான் அவர்கள் மேட்ச் நடக்கும்போதே ஓடி ஓடி முடக்குகிறார்கள். நீதிமன்றங்களும் அதற்கேற்ப மாறிவிட்டன. 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு தளத்தை முடக்கினால் அதே தளம் வேறு பெயரில் முளைக்கும்போது புதிதாக வழக்குப் போடாமலே அதையும் பட்டியலில் சேர்க்கலாம் என்று வழி திறந்தது. 2023 உலகக் கோப்பைக்கு முன்னாலும் அங்கே இப்படி முன்கூட்டியே தடை ஆணை வாங்கினார்கள்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் இதில் ஒரு கதை உண்டு. பெயர் தெரியாத ஆட்கள் மேல் வழக்குப் போடும்போது வெளிநாட்டில் 'ஜான் டோ' என்று ஒரு பெயரை எழுதிவைப்பார்கள். இங்கே அந்த இடத்தில் 'அசோக் குமார்' என்று போடுவது வழக்கம். 2012-இல் '3' படத்துக்காக அப்படி அசோக் குமார்கள் மேல் வாங்கிய ஆணையை வைத்து, இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள் ஒரு குற்றமும் செய்யாத பெரிய பெரிய தளங்களையே மொத்தமாக முடக்கிவிட்டன. நாடே கத்தியது. அந்த ஜூனில் நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரியை மட்டும் முடக்குங்கள், தளம் முழுவதையும் அல்ல என்று திருத்திச் சொன்னது. சினிமா கம்பெனிகளுக்கும் ஒளிபரப்பாளர்களுக்கும் கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்ற கட்சியில் நான் இல்லை. இந்த முடக்கல் ஆணைகள் போகும் வேகம் சில நேரம் எனக்குக் கவலையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது வேறு சண்டை. உங்கள் மகன் இப்போது பெயர் தெரியாத அசோக் குமார் இல்லை. மின்னஞ்சல் அவனைத் தேடியே வந்திருக்கிறது.

தண்டனை என்று பார்த்தால், 63-ஆவது பிரிவில் ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரத்திலிருந்து இரண்டு லட்சம் வரை அபராதம். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் இதைப் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத வகைக் குற்றம் என்று சொல்லிவிட்டது. 'ஜாமீனில் விட முடியாத' என்றதும் தூக்கம் போய்விடும், தெரியும். அதற்கு ஜாமீனே கிடைக்காது என்று பொருள் இல்லை. காவல் நிலையத்திலேயே உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, நீதிமன்றத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்குக் கூப்பிட புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. கைது என்ற பேச்சு வந்தால் முன்ஜாமீன் கேட்கலாம். வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறலுக்கு, காரணத்தை எழுதி, ஆறு மாதத்துக்கும் குறைவாகத் தண்டிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. தம்பி பைசா வாங்காமல் செய்திருந்தால் அந்த வாசல் திறந்தே இருந்திருக்கும். 38 ஆயிரம் அதைப் பாதிக்கு மேல் சாத்திவிட்டது.

யாராவது 'குண்டாஸில் போட்டுவிடுவார்கள்' என்று பயமுறுத்தினால் கேட்டுக்கொள்ளாதீர்கள். 1982-ஆம் வருடத்துக் குண்டர் தடுப்புச் சட்டத்தின் நீளமான பெயரில் திருட்டு வீடியோக்காரர்களும் சேர்க்கப்பட்டிருப்பது நிஜம். ஆனால் அது திருட்டு சிடி காலத்தில் சினிமாவுக்காகச் சேர்த்தது. முதல்முறை மாட்டிய மாணவன் ஒருவனுக்கு அதை நினைத்துத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

உங்கள் தூக்கம் கெட வேண்டிய இடம் வேறு. அந்த 38 ஆயிரம்.

என்னிடம் இப்படி வரும் பெற்றோர் எல்லாரும் காப்பிரைட்டைப் பற்றியே கேட்கிறார்கள். பெட்டிங் விளம்பரத்தை, 'அதுவும் ஒரு விளம்பரம்' என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய ஓட்டையாகத் தெரிகிறது. தமிழ்நாட்டின் 2022-ஆம் வருடத்து இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், சூதாட்டத்தை விளம்பரம் செய்தாலே ஓராண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம் இன்னும் கடுமை. பணம் கட்டி ஆடும் ஆட்டங்களை விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இங்கே 'லிங்க் மட்டும்தான்' என்ற வாதமே கிடையாது. விளம்பரத்தைத் தன் கையாலேயே போட்டிருக்கிறான்.

இரண்டும் எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்பதற்கு ஃபேர்பிளே வழக்கு உதாரணம். அது ஒரு பெட்டிங் ஆப். 2023 ஐபிஎல் ஆட்டங்களைத் திருட்டுத்தனமாக ஓட்டியது என்று அப்போது டிஜிட்டல் உரிமை வைத்திருந்த வயாகாம்18 மகாராஷ்டிர சைபர் போலீசில் புகார் கொடுத்தது. அதிலிருந்து அமலாக்கத் துறை பணமோசடித் தடுப்புச் சட்டத்தில் விசாரணையைத் தொடங்கி, 2024-இல் சோதனைகள் நடத்தியது. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆவது பிரிவும் அந்தப் பணமோசடிச் சட்டத்தின் பட்டியலில் இருக்கிறது என்பது பல பேருக்குத் தெரியாது. இலவச மேட்ச் என்பது பல நேரங்களில் தூண்டிலில் மாட்டிய புழு. 'ஓசியில பார்க்கலாம்' என்று வருகிறவன் திரை ஓரத்தில் 'அடுத்த ஓவரில் எத்தனை ரன்' என்று கேட்கும் பொத்தானை அழுத்துவான், அதில்தான் காசு. அந்த 41 ஆயிரம் பேரில் எத்தனை பேர் தம்பி வயதுப் பிள்ளைகள், எத்தனை பேர் மாதச் சம்பளத்தை அதில் விட்டிருப்பார்கள் என்று தம்பி ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்க மாட்டான்.

உங்கள் மகனை அமலாக்கத் துறை தேடி வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கு அவன் அம்மாவுடையது. இந்த ஆப்காரர்கள் பணம் அனுப்புவது நேர்மையான கணக்கிலிருந்து இருக்காது. யாரோ ஒரு சூதாட்ட ஏமாளியின் புகாரில் அந்தக் கணக்கு மாட்டினால், அதிலிருந்து பணம் போன அத்தனை கணக்கும் வரிசையாக முடங்கும். மதுரையிலோ ராஜஸ்தானிலோ பதிவான புகாருக்காகச் சென்னையில் ஒரு கணக்கு முடங்கி, அதைத் திறக்க மாதக்கணக்கில் அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டுச் செலவு, மகளிர் குழுத் தவணை, எரிவாயு மானியம் எதுவாவது அந்தக் கணக்கில் ஓடினால் உடனே வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 38 ஆயிரத்தை மட்டும் எடுக்காமல், செலவழிக்காமல் அப்படியே விடுங்கள். அனுப்பியவருக்கே திருப்பி அனுப்புகிறேன் என்று கிளம்பாதீர்கள், அது இன்னொரு பரிமாற்றமாகப் பதிவாகும். செலவழிந்துவிட்டது என்றால் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள்.

அந்த ஆங்கில மின்னஞ்சலை நான் பார்க்கவில்லை. பொதுவாக இவற்றில் இரண்டு வகை. சேனல் பெயர், மேட்ச் தேதி, லிங்க் விவரங்களோடு நிறுத்தச் சொல்லி, எழுத்தில் உறுதிமொழி கேட்பது உண்மையானது. இத்தனை மணி நேரத்துக்குள் இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு என்றால் அது நேற்று பேசிய வேப்பேரி அதிகாரியின் தம்பி. முதல் வகையாக இருந்தால் பதில் சொல்லாமல் விடக் கூடாது. தம்பி தானே உட்கார்ந்து நான்கு பக்கம் மன்னிப்புக் கடிதமும் எழுதக் கூடாது, அதில் ஒவ்வொரு வரியும் அவனுக்கு எதிராகத் திரும்பும். ஒரு வக்கீல் மூலம் சுருக்கமாக, நீக்கிவிட்டோம், இனி செய்ய மாட்டோம் என்ற அளவில் பதில் போகட்டும். நான் கையாண்ட அளவில், மாணவர்கள் விஷயத்தில் எதிர்த்தரப்பு பெரும்பாலும் கேட்பது இரண்டுதான்: நிறுத்து, லிங்க் எங்கிருந்து வந்தது சொல். அந்த இரண்டாவதைச் சொல்வதா வேண்டாமா என்பதை வக்கீல் பக்கத்தில் இருக்கும்போது முடிவு செய்யுங்கள். செலவுக்குப் பயமாக இருந்தால் உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். கணக்கு உங்கள் மனைவி பெயரில் இருப்பதால் அவருக்கும் ஒரு வக்கீல் தேவைப்படலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

'ஊரே பார்க்குது' என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல எனக்கே கொஞ்சம் வாய் கூசுகிறது. சின்ன வயதில் எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு ஒரு வீட்டுக்குத்தான், அதிலிருந்து ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்று வீடு பார்த்தோம். கேபிள்காரர் ஏணியோடு வரும்போதெல்லாம் ஒயரைச் சுருட்டி மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்தது நான்தான். 2003-இல் செட்டாப் பாக்ஸ் முறையை நாட்டிலேயே முதலில் சென்னையில் கொண்டுவந்தபோது எங்கள் தெருவில் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆக, ஓசியில் மேட்ச் பார்க்கும் ஆசையை நான் கேவலமாக நினைக்கவில்லை. மூன்று வீட்டுக்கு ஒயர் இழுத்ததற்கும் 41 ஆயிரம் பேருக்கு லிங்க் கொடுத்துச் சூதாட்டக்காரனிடம் கூலி வாங்கியதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பது தம்பிக்குத் தெரியாமல் இருக்காது. தெரியவில்லை என்றால் அப்பா சொல்லலாம்.

இனி உங்கள் அம்மா. அவர் மேல் கேஸ் வராது, நிம்மதியாகச் சொல்லுங்கள். 2016-இல் இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள், இந்தப் பக்கத்தைப் பார்த்தாலே குற்றம் என்ற பாணியில் ஓர் எச்சரிக்கையைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தன. பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் திருத்தச் சொன்னது. குற்றம் பார்ப்பதில் இல்லை, விநியோகிப்பதிலும் பொதுவில் திரையிடுவதிலும்தான் என்று விளக்கியது. பாட்டி அந்த லிங்கைத் தன் கோயில் குரூப்பில் அனுப்பாத வரைக்கும் சரி. அனுப்பியிருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், 76 வயதுக்காரர்கள் ஃபார்வர்டு செய்வதில் பேரன்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை.

கவலை அந்த ஆப்பைப் பற்றித்தான். பிளே ஸ்டோரில் இல்லாமல் ஏபிகே கோப்பாக இறக்கிய ஆப் என்றால் இன்றே நீக்குங்கள். நீக்கும் முன் போன் செட்டிங்ஸில் அதற்கு எஸ்எம்எஸ் படிக்கவும், திரையைக் கட்டுப்படுத்தும் அணுகல் வசதிக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மேட்ச் காட்டும் ஆப்புக்கு எஸ்எம்எஸ் எதற்கு? ஓடிபியைத் தூக்கத்தான். அந்த அனுமதி இருந்தால், அவருடைய பென்ஷன் கணக்கு அந்த எண்ணில் இணைந்திருக்கும் பட்சத்தில், வேறொரு போனிலிருந்து பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வங்கிக்கும் ஒரு தகவல் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அவர் மேட்ச் பார்க்க வழி. இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களின் ஒளிபரப்பை தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது. டிடி ஃப்ரீ டிஷ் ஆன்டெனா ஒருமுறை போட்டுவிட்டால் மாதச் சந்தா இல்லை. ஐபிஎல் அந்தப் பட்டியலில் வராது. அதற்கு உங்கள் கேபிள்காரரிடம் முழுப் பேக்கேஜும் வேண்டாம், ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் சேனலை மட்டும் தனியாகச் சேர் என்று கேளுங்கள். 2019 முதல் வேண்டிய சேனலை மட்டும் தனியாக எடுத்துக்கொள்ளும் உரிமை நமக்கு உண்டு. அப்படித் தர முடியாது என்று அவர் முனகினால் விடாதீர்கள். தமிழ் வர்ணனையோடு, ஆறு அங்குலத் திரையில் கண்ணைச் சுருக்காமல், பெரிய டிவியில் பார்ப்பார். போன் திரையில் ஓடும் திருட்டு ஸ்ட்ரீம் எப்படியும் அரை நிமிடம், ஒரு நிமிடம் பின்தங்கித்தான் வரும். பக்கத்து வீட்டில் சிக்ஸருக்குக் கத்தி முடித்த பிறகுதான் பாட்டிக்குப் பந்து போட்டிருப்பார்கள்.